அன்னக்கூடைக்குக் கீழே

"அடுத்தது பதினாலாம் எண்" என்று சொல்லிவிட்டு அப்துல் ஹமீது சார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

உமையாள் டீச்சர் கண்ணை மூடினாள்.

அபிராமம் இலக்கிய மன்றத்தின் கவிதைப் போட்டியில் நடுவர்கள் கவிதையைப் பார்ப்பதில்லை. பெயரை மறைத்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டு மார்க் சொல்ல வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். முதல் பரிசு வாங்குகிறவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போடுவதும் அவள்தான்.

மூன்று வரி போவதற்குள் தெரிந்துவிட்டது. கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சு சற்று நின்று போகும் அந்த நடை ஹமீது சாருடையது இல்லை.

செல்லச்சாமியுடையது.

பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த புதிதில், அவளும் அவரும் கல்யாணமாகி அக்காள்மடத்தில் குடியிருந்தார்கள். அவர் அடுப்படி வாசலில் நின்று வாசிப்பார். விறகுப் புகைக்காக அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்பாள். பிடித்திருந்தால் "ம்" என்பாள். பிடிக்காவிட்டால் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டு. அதற்கும் சிரிப்பார்.

பிறகு வாசிப்பது நின்றது. பிறகு பேச்சும் நின்றது.

ஒரு சண்டையில் கோபித்துக்கொண்டு இராமநாதபுரத்தில் போய்த் தங்கியவர், வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவதாகச் சொல்லியனுப்பினார். மனசு கேட்காமல் அவள் பஸ் நிற்கிற இடத்துக்கே போய் நின்றாள். ஐப்பசி மழை. ஒதுங்க இடம் கிடையாது. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ராக்கு, காலி அன்னக்கூடையைத் தன் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "உள்ள வா தாயி, நாத்தம்லாம் மழைக்குத் தெரியாது" என்று அவளையும் இழுத்துக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. மழைக்காக எல்லா ஜன்னல் ஷட்டரையும் இறக்கியிருந்தார்கள். ஒரே ஒரு ஷட்டர் மட்டும் ஒரு சாண் தூக்கியிருந்தது. யாரோ வெற்றிலை துப்பப் போகிறார்கள் என்று அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

யாரும் இறங்கவில்லை. விசில் கேட்டது. பஸ் இராமேஸ்வரம் பக்கம் போய்விட்டது.

மறுநாளே அபிராமத்துக்கு, அய்யா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசியபோது, அன்றைக்குக் காய்ச்சலில் இராமநாதபுரத்தை விட்டு நகர முடியவில்லை என்றார் அவர். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தேன் என்றும் சொன்னார். அவளால் தலை நிமிர முடியவில்லை. கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள்.

அந்தக் காய்ச்சல் அவளை விடவில்லை. முடியாமல் கிடந்த மனுசனை என்ன ஏதென்று கேட்காமல் வந்தவள் என்று தன்னைத்தானே ஏசிக்கொள்வாள். பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்தால், சப்பென்ற வரியிலும் ஏதாவது நல்லதைத் தேடி எடுத்து வகுப்பில் சொல்வாள்.

ஹமீது சார் கடைசி வரிகளுக்கு வந்திருந்தார்.

"கவிழ்த்த அன்னக்கூடைக்குக் கீழே
இரண்டு பெண்கள்.
ஒருத்தியின் முன்முடியில்
ஒற்றை மீன் செதில்,
விளக்குப் போல."

"ம்" என்றாள் உமையாள். பழைய பழக்கம், தானாக வந்துவிட்டது.

மூன்றாவது நடுவரான வீரபத்திரன் ஊரில் அச்சகம் வைத்திருப்பவர். அவருக்குத் திருப்தியில்லை. "எல்லாஞ் சரி. அந்த அன்னக்கூடைதான் இடிக்குது. மீன் கவிச்சியோட அதத் தலையில கவுத்துக்கிட்டு எவளாச்சும் நிப்பாளா? ஃபேனுக்கடியில உக்காந்து எழுதிருக்கான் பய. பொய்க்கு நான் பரிசு தர மாட்டேன்."

உமையாள் பேசாமல் இருந்தால் போதும். பரிசு வேறு யாருக்காவது போகும். பொன்னாடையோடு அந்த முகத்துக்கு எதிரில் போய் நிற்க வேண்டியிருக்காது.

"நிப்பா" என்றாள். "பொய்யில்ல சார். செதிலு கூட மழைக்குப் போகாது. தலைக்கு ஊத்துனாத்தான் போகும்."

அபிராமத்தில் தலைக்கு ஊற்றியபோதுதான் அது அவள் கையோடு வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ராக்குவுக்குக்கூடத் தெரியாது.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஒரு சாண் ஷட்டர் ஞாபகத்துக்கு வந்தது.

கண்ணைத் திறந்தாள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டீச்சரே சொன்ன பிறகு தனக்கு ஆட்சேபணை இல்லை என்று வீரபத்திரன் மார்க்கை ஏற்றிக்கொண்டிருந்தார். ஹமீது சார் அவளுடைய மார்க்குக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

இத்தனை வருஷமாக அவருடைய வரிகளுக்கு அவள் மனசுக்குள் கொஞ்சம் சேர்த்துப் போட்டே பழகியிருந்தாள். இதற்கு அப்படி எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

"முதல் பரிசு இதுக்குத்தான் சார்."

"அப்ப பொன்னாடையோட தயாரா இருங்க டீச்சர்" என்று சிரித்தார் ஹமீது சார்.

"போடுறேன் சார்" என்றாள் உமையாள். "காய்ச்சல் விட்டுருச்சான்னும் ஒரு வார்த்த கேக்கணும்."