ஒரே தேதி

பட்டாசு ஆலை வெடித்துப் பன்னிரண்டு பேர் இறந்த தேதியில்தான் ஒரு பிரபல நடிகரின் பிறந்தநாளும் வரும். இந்த வருடம் மாரிக்கனி அகல்விளக்கோடு வந்தபோது, நினைவுத்தூணின் பீடத்தில் ரசிகர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் பொறித்திருந்த அவள் கணவன் அய்யனாரின் பெயர்மேல் கிரீம் வழிந்து ஈ மொய்த்தது.

“கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, விளக்கு வைக்கணும்.”

“தாராளமா வைங்கக்கா. அண்ணன் பொறந்தநாளு, மொதல்ல வாயத் தொறங்க!”

சொன்னவன் பிசுபிசுத்த விரல்களோடு ஒரு துண்டை அவள் வாய்க்குள் திணித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் துப்பலாமென்று குனிந்தால், எதிரே பன்னிரண்டு பெயர்கள். விழுங்கவும் முடியவில்லை. கன்னம் உப்பியிருக்க, அவள் தீக்குச்சியை உரசினாள்.