பின்னால் வரும் கை

லாயத்தின் கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் சாயங்கால வெயில் அந்தச் செம்பட்டைக் குதிரையின் முதுகில் மட்டும் விழுகிறது. வெயிலுக்கும் அவளைத்தான் பிடித்திருக்கிறது. நான் சாப்பாட்டுப் பையோடு வாசலை ஒட்டி நிற்கிறேன். என் வீட்டுக்காரர், குதிரை டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணுகிறார். சில்லென்று பட்டால் மகாராணிக்கு ஆகாதாம். "ஒண்ணுமில்லடா கண்ணு, இதோ முடிஞ்சுது" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரல் எங்கள் வீட்டுப் படி ஏறியதேயில்லை. அவள் அவருடைய சட்டைக் காலரை மூக்கால் நெருடுகிறாள். நான் இஸ்திரி போட்ட காலர். "சாப்பாடு ஆறுது" என்கிறேன். "ம்" என்கிறார், அவள் காதைப் பார்த்தபடி. அவளைச் சுற்றி அந்தப் பக்கம் போகும்போது கையை எடுக்காமல் முதுகு, இடுப்பு, தொடை என்று தடவிக்கொண்டே போகிறார். பின்னால் ஆள் வருவது தெரியாவிட்டால் குதிரை மிரண்டு உதைத்துவிடும். மருந்துப் பெட்டி எனக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்க, கண்ணை அவள்மேலேயே வைத்துக்கொண்டு வருகிறார். என் தோளில் கை படுகிறது. மெதுவாக முதுகில் வழுக்கி இடுப்புவரை இறங்குகிறது. "நான்தான்டா, பயப்படாத." பெட்டி திறக்கும் சத்தம் கேட்கிறது. தான் செய்தது அவருக்குத் தெரியவேயில்லை. எனக்கு உதைக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் அசையாமல் நிற்கிறேன். திரும்பவும் இந்த வழியாகத்தானே அவர் அவளிடம் போக வேண்டும்.