செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

இரண்டாவது பாட்டிலும் மஞ்சளாகிவிட்டது.

ஆகக் கூடாது. போர்வெல் தண்ணீர்தான் மஞ்சளாக வேண்டும். ஆற்றுத் தண்ணீர் ரோஸாகவே நிற்க வேண்டும். எங்கள் ப்ராஜெக்ட்டே அதுதான்.

தர்மபுரியில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. நாற்பத்தாறாவது மேசை. நானும் யுவராணியும். ஒன்பதாம் வகுப்பு. கடத்தூரிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர், எங்கள் அரசுப் பள்ளி. முதல் மூன்று பரிசு வாங்கும் மேசைக்காரர்களுக்குக் கல்லூரி லேபில் ஐந்து நாள் பயிற்சி முகாம். அந்த லேபில் இருக்கும் மெஷின்களின் பெயரையெல்லாம் நான் மனப்பாடமே செய்து வைத்திருந்தேன்.

எதிரே நடுவர் பானுமதி மேடம். கெமிஸ்ட்ரி புரொபசர். பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

பேச்சு என் வேலை. சோதனை யுவராணியின் வேலை. காலையிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் வாயாலேயே விளக்கியிருந்தேன். தண்ணீரில் சோதனை மருந்து நாலு சொட்டு விடணும், புளோரைடு அதிகமா இருந்தா மஞ்சள், இல்லாட்டி ரோஸ். மருந்து கொஞ்சம்தான் இருந்தது. அதனால் நடுவர் வந்த பிறகுதான் பாட்டிலைத் திறந்தோம்.

"டேய் பரிதி, வாய்க்குன்னு ஒரு பிரைஸ் இருந்தா அது ஒனக்குத்தான்டா" என்று மாதேஸ்வரண்ணன் அப்போதுதான் சொல்லியிருந்தார். ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். சின்னப் பிள்ளைகளிலிருந்து எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். காலையில் ஆற்றுத் தண்ணீர் வரும் டேங்க் குழாயில் அந்த இரண்டாவது பாட்டிலைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான், எங்கள் இருவரையும் வண்டியில் கூட்டி வந்தவரும் அவர்தான். இப்போது கூட்டத்தில் முதல் ஆளாக நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

யுவராணி வெளியாட்கள் முன்னால் அதிகம் பேசமாட்டாள். பேசினால் கையால் வாயை மறைத்துக்கொள்வாள். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். புளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பல்.

அவள் தங்கை சுசித்ராவுக்கு நாலு வயது.

"எனக்குப் போச்சு. அவளுக்குப் பால் பல்லு விழுந்தா வெள்ளையா மொளைக்கும். அவ ஆத்துத் தண்ணிதான குடிக்கறா?" என்பாள். இந்த ப்ராஜெக்ட்டை அவள் ஆரம்பித்ததே அதை நிரூபிக்கத்தான்.

"ரெண்டும் ஒரே கலர்லதான இருக்கு?" என்றார் மேடம்.

நான் முந்திக்கொண்டேன்.

"மருந்து பழசுங்க மேடம். வெயில்ல வந்ததுல கெட்டுப் போச்சு போலங்க."

மருந்து வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

யுவராணி என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது பாட்டிலை எடுத்தாள். கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீர். மூடியைத் திருகி, மீதியிருந்த மருந்தில் நாலு சொட்டு விட்டாள்.

ரோஸ்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ரோஸ் ரோஸாகவே நின்றது.

"மருந்து நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். "ஒன்னோட வாய்தான் கெட்டுப் போச்சு."

மேடம் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. முகாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

யுவராணி சிரிக்கவில்லை. பின்னால் தொங்கிய சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வாரம், டேங்க் தண்ணீரில் ஒன்பது சோதனை, ஒன்பது ரோஸ் வட்டம். பக்கத்தில் தேதிகள். அவள் விரல் தேதிகளின் மேல் ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசித் தேதியில் நின்றது.

"எல்லாமே செவ்வாக்கெழமடா."

ஆமாம். செவ்வாய் மூன்றாவது பீரியடுக்கு மட்டும்தான் எங்களுக்கு லேப் சாவி கிடைக்கும். அன்று காலையில் பிடித்த தண்ணீரை அன்றே பார்த்துவிடுவோம். மற்ற நாளில் பார்க்கணும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அதே குழாய், அதே தண்ணீர்தானே.

இன்று வெள்ளி.

"மத்த நாள்ல அந்தக் குழாய்ல என்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மேடம்.

தெரியலைங்க என்று சொன்னால் போதும். மேடம் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு சாயங்காலம் அதே வண்டியில் ஊர் திரும்பியிருப்போம். யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

யுவராணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். வாயை மறைக்கவில்லை.

"வீடியோவ நிறுத்தாதப்பா. சொல்லு. வாரத்துல எத்தன நாளு ஆத்துத் தண்ணி வருது? எத்தன நாளு போர் போட்டு டேங்க ரொப்பற?"

ஊருக்கெல்லாம் அண்ணன், அவளுக்கு மட்டும் அப்பா.

மாதேஸ்வரண்ணனின் கட்டைவிரல் போனில் வீடியோவை நிறுத்தும் சிவப்பு வட்டத்துக்கு மேலே போய் நின்றது.

"டேங்க்கு காலின்னா ஊரே சண்டைக்கு வருது கண்ணு. பாத்தா எல்லாந் தண்ணி மாதிரிதான..."

"அதக் கேக்கலப்பா. எத்தன நாளு?"

அவர் மேசைமேல் இருந்த பாட்டில்களைப் பார்த்தார். ரெண்டு மஞ்சள். அதில் ஒன்று அவர் பிடித்துக் கொடுத்தது. கட்டைவிரல் அந்த வட்டத்தைவிட்டு நகர்ந்தது.

"செவ்வாயும் புதனுந்தாங்க மேடம் ஆத்துத் தண்ணி" என்றார். "மத்த அஞ்சு நாளும் போருங்க."

யுவராணி ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். ஒன்பது ரோஸ் வட்டங்களுக்குக் கீழே பத்தாவதாக ஒரு மஞ்சள் வட்டம் போட்டாள். தேதி எழுதினாள். இந்த முறை கிழமையையும் எழுதினாள்.

மாதேஸ்வரண்ணன் ஒரு அடி முன்னால் வந்து, போனை அந்த மஞ்சள் வட்டத்துக்குக் கிட்டே கொண்டு போனார்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.