பெயர்ப்பலகை படித்த வாத்து

ஜெர்மனியில் ஒரு சிற்றூர். காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டிருந்த பெண் ஆடு ஒன்று, எழுத்துப் படிக்கத் தெரிந்த வாத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வைத்தியம் தேடி ஊருக்குள் வந்தது.

முதல் வீட்டு வாசலில் மருந்துப் பையோடு நின்றவர், "கால் வீங்கியிருக்கே, உள்ளே வா, கட்டுப் போடறேன்" என்றார்.

வாத்து பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அலறியது. "போகாதே! இவர் பெயர் மெட்ஸ்கர். கசாப்புக்காரர்னு அர்த்தம்!"

"அது எங்க முப்பாட்டன் செஞ்ச தொழில்" என்றார் அவர். "நான் மாட்டு டாக்டர்."

"நல்லவராத்தான் தெரியறார், வாத்தண்ணே" என்றது ஆடு.

"பேச்சை நம்பாதே. பக்கத்து வீட்டைப் பார், ஷேஃபர். ஆடு மேய்க்கிறவர்னு அர்த்தம். உங்க இனத்தைக் காப்பாத்தறதே அவங்க பரம்பரைத் தொழில்!"

ஆடு அந்தக் கதவைத் தட்டியது. ஷேஃபர் கத்தியைத் துடைத்தபடியே வந்து, ஆட்டை ஆசையாகத் தடவிப் பார்த்து உள்ளே கூட்டிப்போனார். பிறகு அது வெளியே வரவேயில்லை.

வாத்து மட்டும் மந்தைக்குத் திரும்பி, மற்ற ஆடுகளிடம் பெருமையோடு சொன்னது: "எனக்கு மட்டும் படிக்கத் தெரியலைன்னா, இன்னிக்கு அவ கதி என்ன ஆகியிருக்கும்!"