அழித்தவையும் வரும்

“போனது மட்டுமில்ல மேடம், நீங்க எப்பவோ அழிச்சதுகூடத் திரும்பி வரும்” என்றான் எசியென், பெருமையாக.

இதாராவின் தோளில் தூங்கிய குழந்தை அசைந்தது. தன் கை இறுகியதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

உயோ நகரச் சந்தைக்கு எதிரே இருந்த பழுதுபார்க்கும் கடைகளில் எசியெனுடையது நான்காவது. மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியோடு இணைத்திருந்தான். முந்தின நாள் அதை ஃபார்மட் செய்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் உபோங். கல்யாணப் படங்களும், பத்து மாத எமெம் பிறந்ததிலிருந்து எடுத்த அத்தனை படங்களும் அதில்தான் இருந்தன என்பது அவனுக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

எப்படியாவது மீட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சியவள் இதாராதான்.

நான்கு சதவீதம் என்றது திரை.

மூன்று வருடங்களுக்கு முன், இதே மடிக்கணினியில், அவள் ஒரு சீட்டைத் திருத்தினாள்.

சர்ச்சில் கல்யாணத் தேதி குறிக்குமுன் இருவரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏ.ஏ. என்றால் கவலையில்லை. ஒருவர் ஏ.எஸ்., அதாவது பரம்பரை ரத்த நோயைச் சுமப்பவர், என்றால் மற்றவர் ஏ.ஏ.யாக இருக்க வேண்டும். இருவருமே ஏ.எஸ். என்றால் பாஸ்டர் கையெழுத்துப் போடமாட்டார். பிறக்கிற பிள்ளை அரிவாள் அணு ரத்தசோகை வந்து எலும்பு வலியில் துடிக்கக்கூடும்.

இதாராவின் தம்பி அப்படித் துடித்தவன். பதினோரு வயதுவரைதான் இருந்தான்.

அவள் சீட்டில் ஏ.எஸ். என்றிருந்தது. உபோங்குடையது என்னவென்று தெரியாது, கேட்கப் பயம். வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று அவனுடைய கணினியை வாங்கி, ஸ்கேன் செய்த சீட்டில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாள். அசலை அழித்தாள்.

பாஸ்டரின் மேசையில் உபோங் வைத்த சீட்டில் ஏ.ஏ. என்று கண்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொய்யே தேவைப்பட்டிருக்காது. ஆனால் கொடுத்த பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது?

போகட்டும், அவன் ஏ.ஏ. பிள்ளைக்கு ஒன்றும் வராது. அந்த ஒரு நிம்மதியில்தான் இத்தனை நாள் தூங்கினாள்.

இருபத்தொரு சதவீதம்.

“விடு, எமெம் அம்மா, போகலாம்” என்றான் உபோங் திடீரென்று. “கல்யாணப் படம் உங்க அண்ணன்கிட்டயும் இருக்கும்ல? குழந்தையை வெச்சுக்கிட்டு இந்தப் புழுக்கத்துல…”

என்ன மனசு இவனுக்கு என்று நினைத்தபடி அவள் எழுந்தாள்.

“என்ன சார், பாதிக் குழம்பை அடுப்புல விட்டுட்டு எந்திரிக்கிறீங்க?” எசியென் சிரித்தான். “மேடம் கெஞ்சினதுக்காகச் சாப்பாட்டுக்குக்கூடப் போகல நான். இதோ, கல்யாணம் வந்தாச்சு பாருங்க!”

திரையில், கொண்டையில் பித்தளைச் சீப்புகளும் கழுத்தில் பவளமுமாக அவள், உபோங்கின் வாயில் கேக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

உபோங் அதைப் பார்க்கவில்லை. புதுப் படங்கள் வந்து விழும் திரையின் கீழோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிவந்த சுட்ட சோளம் கையில் கடிபடாமல் ஆறிப்போயிருந்தது.

எமெம் விழித்துச் சிணுங்கினாள். மூன்று நாளாக அவளுடைய விரல்கள் வீங்கியிருந்தன. பல் முளைக்கிற சூடு என்று மாமியார் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தார்.

அப்போது அந்தச் சீட்டு வந்தது. ஆய்வகத்தின் நீல முத்திரை. இதாரா எனாங். ஏ.எஸ்.

உபோங் படித்துவிட்டான். அவன் கத்துவதற்காக அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

அவன் கத்தவில்லை.

“நீயுமா?” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் திரையில் அடுத்த படக் கட்டம் நிறைந்தது. அதே மாதம், வேறோர் ஆய்வகத்தின் முத்திரை. உபோங் எடிம். ஏ.எஸ்.

“இந்தச் சீட்டு ரெண்டையும் எடுத்து வைக்கவா மேடம், இல்ல அழிச்சிடவா?” என்று கேட்டான் எசியென்.

உபோங் எமெமின் கையை மெல்ல எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

இதாராவின் தம்பிக்கும் முதலில் விரல்கள்தான் வீங்கின.