மிதியில் ஒரு கால்

மீன் லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. சாயங்காலத்துக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான். காலையிலிருந்து குனிந்தே நிற்கும் மெக்கானிக், டீசல் பம்பின் ஸ்க்ரூவை ஐந்தாம் முறையாகத் திருகுகிறான். பிரஷர் மீட்டரின் முள் குறிவரை ஏறுகிறது. ஸ்க்ரூ நகராதபடி நட்டை இறுக்குவதற்குள் அலுத்துப்போய் இறங்குகிறது. “மாமா, ஆக்சிலேட்டரை ஒரே சீரா மிதிங்க.” “மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன் மாப்ளே,” என்கிறார் கேபினிலிருந்து டிரைவர். அடுத்த முறையும் முள் இறங்குகிறது. எட்டிப் பார்க்கிறான். இரண்டு நாள் தூங்காத மாமா ஸ்டியரிங்கில் கன்னம் வைத்துக் குறட்டை விடுகிறார். ஆக்சிலேட்டரிலிருந்து கால் நழுவிக்கொண்டிருக்கிறது. பம்ப் பாவம், ஒன்றும் அறியாதது. மிதிக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து ஸ்க்ரூவைத் திருப்புகிறான். முள் குறியில் அசையாமல் நிற்கிறது. நட்டை இறுக்கி, செங்கல்லை எடுத்துவிட்டு, மாமாவின் தோளைத் தொடுகிறான். “ரெடியா? கிளம்பிட்டேன்,” என்கிறார் மாமா, கண்ணைத் திறக்காமலே. அவரைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு, மெக்கானிக்கே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிறான்.