மகள் இருக்கும் அறை

வேலைகள் போய், எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு வந்த குளிர்காலத்தில் மண்ணின் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன்பிறகு, மண்ணுக்குரியவர் அறையில் இருந்தால்தான் அந்த அறையின் ஹீட்டர் சூடாகும்.

குகதாசனும் பத்மலோசினியும் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள். மகள் ஆரணி இங்கே பிறந்தவள். ஆகவே அவள் இருக்கும் அறையிலேயே வீடு நடந்தது. அம்மா புட்டு அவிக்கும்போது அவள் குசினியில் படித்தாள். இரவில் அவளுடைய கட்டிலடியில் அப்பாவும் அம்மாவும் பாய் விரித்தார்கள்.

குகதாசன் அந்தக் கட்சிக்கே வாக்களித்திருந்தார். "உது நேற்று வந்தவைக்குத்தான். நாங்கள் வரி கட்டுற ஆக்கள்" என்பார்.

இன்று காலை ஆரணி குசினிக்குள் வந்தும் ஹீட்டர் குளிர்ந்தே கிடந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நான் வந்திட்டன். இது ஏன் சுடேல்லை?"

"பழுதாப் போச்சுப் போல. ஆளைக் கூப்பிடுவம்" என்றார் குகதாசன்.

"ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ" என்றாள் பத்மலோசினி. "சட்டத்தை மாத்திப் போட்டாங்கள். அப்பான்ரை அப்பாவும் இஞ்சை பிறந்திருக்க வேணுமாம்."

அப்போது பக்கத்து வீட்டுக் கிழவரின் பூனை, சாத்தாத வாசல் கதவால் உள்ளே வந்தது. ஹீட்டர் முனகிக்கொண்டு சூடாகத் தொடங்கியது.

ஆரணி பூனையைத் தூக்கி மடியில் வைத்தாள். வெளியே கிழவர் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குகதாசன் எழுந்துபோய்க் கதவைப் பூட்டினார்.

"அப்பா, பூனையைக் குடுக்கேல்லையே?"

கதவு தட்டப்பட்டது. பூனை பதில் சொல்ல வாயைத் திறந்தது. குகதாசன் அதைப் பொத்தினார்.